ஊர் அடங்கலாம், சேரி எங்கே அடங்குவது?

1

போன மாதம் வங்கியில் டீ நேரத்தில் ஒரு பேச்சு வந்தது. எங்கோ ஒரு நாட்டில் புதுசாக ஒரு காய்ச்சல் பரவுகிறது என்று ஒருவர் செல்போனில் படித்துச் சொன்னார். பேச்சு உடனே 2020க்குப் போய்விட்டது. கூட வேலை செய்கிற மூத்தவர் ஒருவர் சொன்னார்: "பூட்டானப் பாருங்க தம்பி. ராஜா ஒரு வார்த்த சொன்னாரு, சனம் அப்படியே வீட்டுக்குள்ள போயிடுச்சி. பங்களாதேஷ்ல, நம்ம நாட்டுல என்னா நடந்துச்சி? அவுத்துவுட்ட மாடு மாதிரி ரோட்டுல. நம்ம சனத்துக்கு அடக்கம்னு ஒண்ணு கெடையாது."

சொன்னவர் கெட்ட மனிதர் அல்ல. கடன் கேட்டு வருகிறவர்களிடம் முகம் சுளிக்காதவர். ஆனால் அவர் சொன்ன 'நம்ம சனம்' என்பதில் அவர் இல்லை, அவர் வீட்டார் இல்லை. ரோட்டில் இருந்தவர்கள் யார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்கு அதற்குமேல் டீ இறங்கவில்லை.

பக்கத்து நாடுகளை வரிசையாக நிறுத்தி, இந்த சனம் அடங்கியது, அந்த சனம் அடங்கவில்லை என்று மார்க் போடுகிற வேலையைப் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் அந்த இரண்டு வருசமும் செய்தன. படித்த நண்பர்கள் இன்னமும் செய்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் இதற்குள் ஒளிந்திருக்கிற புத்தி எது? இன்ன சனத்துக்கு இன்ன குணம், அது அதன் ரத்தத்தில் ஊறியது என்கிற புத்தி. பிறப்போடு குணத்தை ஒட்டவைக்கிற இந்தப் புத்தியை நாம் பிறந்த நாளிலிருந்து பார்த்து வருகிறோம். அதனால் இந்த மார்க் பட்டியலை அப்படியே விட்டுவிட முடியாது. பூட்டான், பங்களாதேஷ், நேபாளம், இலங்கை ஆகிய நான்கு நாட்டு சனமும் கொரோனாக் கட்டுப்பாடுகளை எப்படி எடுத்துக்கொண்டார்கள், ஏன் அப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

2

பூட்டானையே முதலில் எடுத்துக்கொள்வோம். 2020 மார்ச் முதல் வாரத்தில் அங்கே முதல் நோயாளி கண்டறியப்பட்டார். அதே மாதம் எல்லையை மூடினார்கள். ஆனால் நாடு முழுவதையும் வீட்டுக்குள் போகச் சொன்னது ஆகஸ்டில்தான். இடையில் ஐந்து மாதம். அந்த ஐந்து மாதத்தில் என்ன நடந்தது என்பதைத்தான் நம் மூத்தவர் சொல்லாமல் விட்டுவிட்டார். வெளிநாட்டிலிருந்து திரும்பிய சொந்த நாட்டு மக்களை 21 நாள் தனிமையில் வைத்தார்கள். தங்கியது ஓட்டலில், செலவு அரசாங்கத்துடையது. சுற்றுலா நின்று வேலை போனவர்களுக்கு 'கிடு' என்கிற அரசரின் நிவாரணம் ஏப்ரல் முதல் மாதாமாதம் கைக்குப் போனது. வங்கிக்காரன் என்பதால் என் கண்ணில் முதலில் பட்டது இன்னொன்று: கடன் வாங்கியவர்களுக்கு அந்த முதல் மாதங்களின் வட்டியையே தள்ளுபடி செய்தார்கள்.

இங்கே என்ன செய்தோம்? ஆறு மாதம் தவணை கட்ட வேண்டாம் என்றோம். வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. வட்டிக்கு வட்டி போடாதே என்று சொல்ல உச்சநீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. தீர்ப்பு வந்தது 2021 மார்ச்சில். தவணை நின்றதை நிவாரணம் என்று நம்பி வந்தவர்களிடம், கட்ட வேண்டிய தொகை கூடியிருக்கிறது என்று கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து சொன்னவன் நான்.

ஆக பூட்டான் சனம் ராஜா சொன்ன வார்த்தைக்கு மட்டும் அடங்கவில்லை. வார்த்தைக்கு முன்னால் வந்து சேர்ந்த அரிசிக்கும் பணத்துக்கும் அடங்கினார்கள். 2021 மார்ச் கடைசியில் தடுப்பூசி தொடங்கி இரண்டு வாரத்துக்குள் வயது வந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் போட்டுக்கொண்டதும் இதனால்தான். அந்த நாட்டில் இந்த நோயால் இறந்தவர்கள் மொத்தம் 21 பேர். எட்டு லட்சத்துக்கும் குறைவான மக்கள் உள்ள நாடுதான், ஆனாலும் சாதனைதான். மறுக்கவில்லை.

ஆனால் இந்தக் கதைக்கு ஒரு பின்பக்கம் இருக்கிறது. 'கிடு' என்பது உரிமை அல்ல, அரசரின் கருணை. கருணை யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதையும் அரசர்தான் முடிவு செய்வார். 1990களில் தெற்குப் பூட்டானின் நேபாளி மொழி பேசும் மக்கள், ஒரு லட்சம் பேர் அளவுக்கு, குடியுரிமை பறிக்கப்பட்டு விரட்டப்பட்டார்கள். கிழக்கு நேபாளத்து முகாம்களில் மூங்கில் குடிசைகளில் கிடந்தார்கள். அவர்களில் தலித்துகளும் உண்டு. ஒற்றுமையான சனம், ஒழுக்கமான சனம் என்று இன்று காட்டப்படுகிற படத்துக்கு வெளியே அவர்கள் நிற்கிறார்கள். யாரைக் கழித்த பிறகு இந்தக் கூட்டுத்தொகை வந்தது என்று கேட்காமல் பூட்டானைப் புகழ முடியாது.

3

அடங்காத சனம் என்று பேர் வாங்கிய பங்களாதேஷுக்குப் போவோம்.

அங்கே 2020 மார்ச் 26 முதல் மே 30 வரை நாட்டையே மூடினார்கள். ஆனால் அதற்கு ஊரடங்கு என்று அரசாங்கம் பேர் வைக்கவில்லை. 'சாதாரண் சுட்டி', அதாவது பொது விடுமுறை என்றது. விடுமுறை என்றால் வேலைக்கு வந்த சனம் என்ன செய்யும்? பெருநாளைக்குப் போவது மாதிரி மூட்டை கட்டிக்கொண்டு பஸ்ஸிலும் படகிலும் சொந்த ஊருக்குப் போனது. உடனே 'பொறுப்பில்லாத கூட்டம்' என்றார்கள்.

அப்புறம் ஏப்ரல் 4. ஆடைத் தொழிற்சாலைகள் மறுநாள் திறக்கின்றன என்று செய்தி. வராவிட்டால் வேலை இல்லை, மார்ச் மாதச் சம்பளமும் இல்லை என்கிற பயம். பஸ் கிடையாது, ரயில் கிடையாது. மைமன்சிங் பக்கத்திலிருந்தும் மற்ற மாவட்டங்களிலிருந்தும் பெண்கள் டாக்காவை நோக்கி நெடுஞ்சாலையில் நடந்தார்கள். கைக்குழந்தையோடு நடந்தவர்கள் உண்டு. அன்று ராத்திரி, அவர்கள் வந்து சேர்ந்த பிறகு, தொழிற்சாலைகள் இப்போது திறக்க வேண்டாம் என்று முதலாளிகள் சங்கத் தலைமை கேட்டுக்கொண்டது. வந்தவர்கள் திரும்பவும் நடந்தார்கள்.

இதை ஒருமுறை நடந்த தவறு என்று விடலாம். ஆனால் 2021 ஆகஸ்ட் 1ஆம் தேதி மறுபடியும் இதே கூத்து. போக்குவரத்தெல்லாம் நிறுத்திய கடும் ஊரடங்கின் நடுவே, ஏற்றுமதித் தொழிற்சாலைகள் மட்டும் திறக்கலாம் என்று ஒன்றிரண்டு நாள் முன்னால் அறிவித்தார்கள். பத்மா ஆற்றுப் படகுத்துறைகளில் மனிதர்கள் மேல் மனிதர்களாக ஏறி நின்றார்கள். அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. படத்தைப் பார்த்தவர்கள் கூட்டத்தைப் பார்த்தார்கள். கூட்டத்தைக் கூட்டியவன் படத்தில் இல்லை. அவன் பேர் சட்டையின் கழுத்துப்பட்டியில் இருக்கிறது. 2020இல் மேற்கு நாட்டு நிறுவனங்கள் ரத்து செய்தும் நிறுத்தியும் வைத்த ஆர்டர்களின் மதிப்பு சுமார் 300 கோடி டாலர். தைத்து முடித்த சட்டைக்கும் பணம் தரமாட்டேன் என்றவர்கள் உண்டு. அந்தச் சுமை கைமாறிக் கைமாறி நெடுஞ்சாலையில் நடந்த பெண்ணின் தலையில் வந்து உட்கார்ந்தது. சம்பளப் பாக்கிக்காக அதே ஏப்ரலில் அவர்கள் தெருவில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். நோய்க்குப் பயப்படாதவர்கள் அல்ல அவர்கள். எந்தப் பயம் முதலில் என்று வரிசை போட வேண்டியிருந்தவர்கள்.

அவர்கள் கட்டுப்பாட்டை மீறினார்கள் என்பதே பொய். முதலாளியின் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தார்கள். ஒரே நாளில் இரண்டு கட்டளை வந்தால் கூலி கொடுக்கிறவனின் கட்டளைதான் நிற்கும். இது அடக்கமின்மை அல்ல, அடிமைத்தனம்.

4

நேபாளம் நமக்கு ஒரு நாள் முந்தி, மார்ச் 24 காலையிலேயே மூடிவிட்டது. நம் பிரதமர் அன்று ராத்திரி எட்டு மணிக்குத் தோன்றி நான்கு மணி நேர அவகாசம் கொடுத்தார். இரண்டு கதவும் சாத்தியாச்சு. நடுவில் மாட்டியவர்கள் யார்? இந்தியாவில் காவல்காரனாக, ஓட்டலில் எச்சில் தட்டு கழுவுகிறவனாக, மலைப்பாதையில் சுமை தூக்குகிறவனாக இருந்த மேற்கு நேபாளத்துக்காரர்கள். நிலமில்லாத தலித்துகள் பலர் இப்படி வந்தவர்கள்தான். மகாகாளி ஆற்றின் இந்தியக் கரையில் தார்ச்சுலாவில் நின்றுகொண்டு, அக்கரையில் தெரிகிற சொந்த நாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மார்ச் கடைசியில் சிலர் ஆற்றில் குதித்து நீந்திப் போனார்கள். அந்த ஆறு பனி உருகி வருகிற ஆறு. நீந்திக் கரையேறியவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கட்டுப்பாட்டை மீறியவர்கள் என்றுதான் அவர்களுக்கும் பேர்.

அதே நேபாளத்தில் இன்னொரு வகை எதிர்ப்பும் இருந்தது. 2020 ஜூனில் காத்மாண்டு மாணவர்களும் இளைஞர்களும் 'போதும்டா போதும்' என்கிற பொருளில் பேர் வைத்துத் தெருவுக்கு வந்தார்கள். ஊரடங்கை எடு என்று அவர்கள் கேட்கவில்லை. ஒழுங்கான பரிசோதனை செய், தனிமை முகாம்களை மனிதர் இருக்கிற இடமாக மாற்று, வந்த பணத்துக்குக் கணக்குச் சொல் என்று கேட்டார்கள். தள்ளித் தள்ளி நின்றுகொண்டே கேட்டார்கள். பதிலுக்குத் தண்ணீர் பீய்ச்சி அடித்தார்கள். கட்டுப்பாட்டை ஏற்றுக்கொண்டே அதிகாரத்தைக் கேள்வி கேட்க முடியும் என்பதற்கு நம் மாணவத் தோழர்கள் இவர்களைப் பார்க்கலாம்.

ஆனால் அந்த வருசத்து நேபாளம் என்றால் எனக்கு ருக்கும் மேற்கு மாவட்டம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. மே 23. ஜாஜர்கோட்டைச் சேர்ந்த ஒரு தலித் இளைஞன், தான் விரும்பிய ஆதிக்க சாதிப் பெண்ணை அழைத்துவரத் தன் நண்பர்களோடு சோத்தி என்கிற ஊருக்குப் போனான். ஊர் திரண்டு அடித்து விரட்டியது. பேரி ஆற்றில் ஆறு பிணங்கள். ஆறு பேரில் நான்கு பேர் தலித்துகள். மற்ற இருவர் அவர்களோடு போன குற்றத்துக்குச் செத்தவர்கள். உடனே ஒரு கேள்வி கிளம்பியது: ஊரடங்கு நேரத்தில் இத்தனை பேர் கூட்டமாக ஏன் போனார்கள்? அடிக்கத் திரண்ட ஊரைப் பார்த்து அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. செத்தவர்களுக்குத்தான் ஊரடங்கு. 2023 டிசம்பரில் மாவட்ட நீதிமன்றம் 24 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. நோய்க்காகப் போட்ட கட்டுப்பாடு சாதிக்குக் காவல் நிற்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

5

இலங்கையில் மார்ச் 20 சாயங்காலம் ஊரடங்கு தொடங்கியது. போலீசும் ராணுவமும் நின்றன. சில மாதத்துக்குள் ஊரடங்கை மீறியதாகக் கைது செய்யப்பட்டவர்கள் அறுபதாயிரத்துக்கும் மேல். கொழும்பில் சனம் வீட்டுக்குள் இருந்தபோது மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு மட்டும் விலக்கு. கொழுந்து முற்றிவிடும் அல்லவா? நாள் கூலி ஆயிரம் ரூபாய் கேட்டு வருசக்கணக்காகப் போராடிக்கொண்டிருந்த அந்தப் பெண்கள், நாடே அடங்கிய நாளிலும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறினார்கள். அவர்களில் பெரும்பகுதி யார், எந்த ஊர்களிலிருந்து எந்தப் பஞ்சத்தில் கப்பலேற்றப்பட்ட சாதிகள் என்பது நமக்குத் தெரிந்ததுதான். அடங்கவும் உரிமை வேண்டும் தோழர்களே. வீட்டுக்குள் இருக்கிற உரிமை எல்லாருக்கும் கொடுக்கப்படவில்லை.

அடுத்தது பிணம். கொரோனாவில் இறந்தவர் எந்த மதமானாலும் எரிக்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் விதியைத் திருத்தினார்கள். புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது. நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்று இவர்கள் சொன்னார்கள். அதற்கு விஞ்ஞானம் என்று பேர் வைத்தார்கள். டிசம்பர் 1ஆம் தேதி உச்சநீதிமன்றம் மனுக்களைத் தள்ளியது. அதே மாதம் பிறந்து இருபதே நாளான ஒரு முஸ்லிம் குழந்தையைப் பெற்றவர்கள் சம்மதம் இல்லாமல் எரித்தார்கள். பொரளை மயானத்தின் கம்பி வேலியில் சனம் வந்து வெள்ளைத் துணி கட்டிவிட்டுப் போனது. போலீஸ் அவிழ்த்தால் மறுபடி கட்டியது. கூட்டம் கூடாமல், சத்தம் போடாமல், ஒருவர் பின் ஒருவராக வந்து கட்டியது. சிங்களவர்களும் கட்டினார்கள். கட்டுப்பாட்டை மதித்தபடியே அதன் முகத்தில் அறைந்த செயல் அது.

2021 பிப்ரவரியில் பொத்துவில் முதல் பொலிகண்டி வரை தமிழர்கள் நடந்த நடைப்பயணத்தில் முஸ்லிம்களும் சேர்ந்தார்கள். கட்டாய எரிப்பை நிறுத்து என்பதும் அதன் கோரிக்கைகளில் ஒன்று. அந்த மாதக் கடைசியில் விதி மாறியது. எங்கே புதைப்பது? முதலில் இரணைதீவு என்றார்கள். கடற்படை பிடித்து வைத்திருந்து, போராடி 2018இல்தான் தங்கள் மண்ணுக்குத் திரும்பிய தமிழ் மீனவர்களின் தீவு அது. அரசாங்கத்தின் கணக்கு புரிகிறதா? ஒரு ஒடுக்கப்பட்ட சனத்தின் பிணத்தை இன்னொரு ஒடுக்கப்பட்ட சனத்தின் வாசலில் போட்டு இரண்டையும் மோத விடுவது. கடைசியில் கிழக்கே ஓட்டமாவடியில் இடம் ஒதுக்கினார்கள். மூவாயிரத்து அறுநூறு பேருக்கு மேல் அங்கே அடக்கம் ஆனார்கள். அதற்கு முன் எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர் என்று சொல்லி 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. சாம்பலிடம் மன்னிப்புக் கேட்பது சுலபம்.

சுடுகாட்டுக்குப் பாதை கேட்டு அடி வாங்குகிற நமக்கு, பாலத்தின் மேலிருந்து கயிற்றில் கட்டிப் பிணத்தை இறக்கிய நமக்கு, இந்தக் கதை அந்நியம் அல்ல. ஈழத்துக்காக இங்கே கண்ணீர் விட்ட மேடைகளில் எத்தனை மேடை அந்த இருபது நாள் குழந்தைக்காகப் பேசியது என்று யோசித்துப் பார்க்கிறேன். நானும் பேசவில்லை.

6

இனி என் கவுண்டருக்கு வருகிறேன். அது 2020 ஏப்ரல். ஜன்தன் கணக்கு வைத்திருக்கிற பெண்களுக்கு மாதம் 500 ரூபாய், மூன்று மாதத்துக்கு. கணக்கு எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்த்து நாள் பிரித்துக் கொடுத்தோம். வாசலில் சுண்ணாம்பில் வட்டம். பாஸ்புக் வாங்க ஒரு பிளாஸ்டிக் தட்டைக் கம்பில் கட்டி வைத்திருந்தோம். கம்பு ஒரு ஆள் நீளம்.

ஊர்த்தெரு ஆட்கள் வந்தார்கள். வட்டத்தில் நிற்கச் சொன்னால் கோபம். "எவ்ளோ நேரம் வெயில்ல நிக்க வெப்பீங்க, எங்கள என்னன்னு நெனச்சீங்க?" என்று கவுண்டர் வரை வந்து சத்தம் போட்டார்கள். தங்களைத் தள்ளி நிற்கச் சொன்னது அவர்களுக்கு வாழ்க்கையில் முதல் முறை. பிறகு சேரியிலிருந்து ஒரு அம்மா வந்தது. வயது அறுபதுக்கு மேல் இருக்கும். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பாஸ்புக்கைப் படியின் மேல் வைத்துவிட்டு, நாலு அடி பின்னால் போய், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது.

"கையில குடும்மா, தட்டுல வை" என்றேன்.

"இருக்கட்டும் சாமி. எனக்குத் தெரியும்."

என்ன தெரியும்? தள்ளி நிற்கத் தெரியும். அதற்கு நோயும் வேண்டாம், சுற்றறிக்கையும் வேண்டாம். என்னைச் சாமி என்று கூப்பிட்ட அந்த அம்மாவுக்கு நான் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாது. மளிகைக் கடைத் திண்ணையில் காசை வைத்துவிட்டுத் தள்ளி நின்று சாமான் வாங்கிய கதையை என் அம்மா சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அன்றைக்குக் கம்பு என் கையில் இருந்தது. நானும் நீட்டினேன். நோய் நிஜம், கம்பு தேவை, அதில் தப்பில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அந்த ஒரு வாசலில் இரண்டு கட்டுப்பாடு நடந்தது. ஒருவருக்கு அது மூன்று மாதத் தொல்லை. இன்னொருவருக்கு அது பழைய உத்தரவு, புது முத்திரையோடு.

அதனால்தான் 'சமூக விலகல்' என்ற சொல் நம் காதில் நாராசமாக விழுந்தது. 'சமூக' என்ற சொல்லை விட்டுவிட்டு உடல் இடைவெளி என்று சொல்லுங்கள் என்று உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் திருத்திக்கொண்டது. நம் ஆட்கள் விடவில்லை. பாட்டிமார் தீட்டு என்று சொன்னதெல்லாம் விஞ்ஞானம்தான் என்று வாட்சப்பில் பெருமை வேறு. அதே மே மாதம் நைனிடால் மாவட்டத்தில் தனிமை முகாமில் இருந்த ஒருவர், சமைத்தது தலித் பெண் என்பதால் சாப்பிட மறுத்தார். நோய்க்குப் பயந்து முகாமுக்கு வந்த உடம்பு, அங்கேயும் தீட்டுக்குத்தான் அதிகம் பயந்தது. 'ஊரடங்கு' என்ற சொல்லையே பாருங்கள். ஊர் அடங்குவதைப் பற்றித்தான் அது பேசுகிறது. எட்டுக்குப் பத்து அடி வீட்டில் ஏழு பேர் இருக்கிற சேரி எங்கே போய் அடங்குவது? அதற்குச் சொல்லே இல்லை.

7

நண்பர்கள் சிலர் இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் கட்டுப்பாடே கூடாது என்கிறாயா என்று கேட்கலாம். இல்லை. இத்தாலியத் தத்துவவாதி ஜார்ஜோ அகம்பென் 2020 பிப்ரவரியில், இது அரசுகள் அவசரநிலைக்குக் கண்டுபிடித்த சாக்கு என்கிற பொருளில் எழுதினார். நம் மாணவர்கள் சிலர் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஐரோப்பாவில் அவசரநிலை என்பது விதிவிலக்கு. சேரியில் அது தினப்படி. விதிவிலக்கைப் பார்த்து அதிர்ச்சி அடைகிற சொகுசு நமக்கு இல்லை. நோயையே இல்லை என்று சொல்லவும் முடியாது. செத்தது நம் சனம்.

கட்டுப்பாட்டை எதிர்ப்பதெல்லாம் கலகம் ஆகிவிடாது என்பதற்கு நம் வரலாற்றிலேயே பாடம் இருக்கிறது. 1897இல் பூனாவில் பிளேக். நாம் 2020 வரை சுமந்து வந்த கொள்ளைநோய்ச் சட்டம் அந்த வருசத்தில் பிறந்ததுதான். வெள்ளைச் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்தார்கள், பெண்களை அவமானப்படுத்தினார்கள், அராஜகம் செய்தார்கள். உண்மை. அந்த ஜூனில் சாபேகர் சகோதரர்கள் பிளேக் அதிகாரி ராண்டைச் சுட்டார்கள். தேசிய வரலாறு அவர்களைத் தியாகிகள் என்கிறது. அவர்களுடைய ஆத்திரத்தில் மானம் இருந்தது. கூடவே, வீடும் சாமியும் தீட்டுப்பட்டதே என்கிற பார்ப்பனிய ஆத்திரமும் இருந்தது.

அதே வருசம், அதே பூனா. நகரத்துக்கு வெளியே அடப்சரில் மருத்துவரான மகன் யஷ்வந்தோடு சேர்ந்து சாவித்திரிபாய் பூலே பிளேக் நோயாளிகளுக்கு இடம் நடத்தினார். நோய் கண்ட ஒரு மகார் பையனை முதுகில் சுமந்துகொண்டு வந்தார். அந்த நோய் தொற்றி 1897 மார்ச் 10 அன்று இறந்துபோனார். தனிமைப்படுத்துவதை அவர் எதிர்க்கவில்லை. தனிமைக்குக் கொண்டுபோவது எப்படி என்று காட்டினார். கம்பால் தள்ளிக்கொண்டு போகவில்லை, முதுகில் தூக்கிக்கொண்டு போனார். பூனாவிலிருந்து நமக்கு இரண்டு வழி வருகிறது. நாம் எந்த வழியின் வாரிசு என்பதில் குழப்பம் வேண்டாம்.

அடுத்த நோய் வரும். அப்போது நாம் எதை வைத்துப் பேசுவது? பக்கத்து நாடுகளைப் பார்த்ததில் எனக்குத் தோன்றுவது இவைதான். கதவைச் சாத்தும் முன் கூலி கைக்கு வர வேண்டும், கருணையாக அல்ல, சட்டப்படி. ஊருக்குத் திரும்ப அவகாசமும் வண்டியும் வேண்டும்; நான்கு மணி நேரம் கொடுத்துவிட்டு, 2020 மே 8 அன்று ஔரங்காபாத் பக்கத்தில் தண்டவாளத்தில் படுத்த 16 பேர் மேல் சரக்கு ரயில் ஏறிய பிறகு, வழியில் செத்த தொழிலாளர்களின் கணக்கு எங்களிடம் இல்லை என்று அந்த செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் சொன்ன மாதிரி இனி சொல்லக் கூடாது. யாருக்கு விலக்கு என்றால் அவர்களுக்கு முதலில் பாதுகாப்பு: குப்பை அள்ளுகிறவர், பிணம் எரிக்கிறவர், கொழுந்து கிள்ளுகிறவர், பிறகுதான் கைதட்டல். பிணம் அவரவர் வழக்கப்படி போக வேண்டும். ஊரடங்கை மீறினான் என்று யாரையாவது அடித்தால், அடித்தவன் சாதி என்ன, அடிபட்டவன் சாதி என்ன என்று முதலில் கேட்க வேண்டும்.

நான் பார்க்கிறது கணக்குப் பிள்ளை வேலை. வரவு வைக்காத கணக்கிலிருந்து ஒருவரும் பணம் எடுக்க முடியாது, எடுக்க வந்தால் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். ஒரு சனத்தின் கணக்கில் எழுபது வருசமாக ஒன்றும் வரவு வைக்காத அரசு, ஒரு ராத்திரி எட்டு மணிக்கு வந்து மொத்த நம்பிக்கையையும் எடுத்துக்கொடு என்று கேட்டது. பூட்டானில் கொஞ்சம் வரவு இருந்தது, எடுத்தார்கள். மற்ற இடங்களில் இல்லை. இதில் சனத்தின் குணம் எங்கே வந்தது?

அன்றைக்கு டீ நேரத்தில் அந்த மூத்தவரிடம் இதைச் சொல்லவில்லை. மணி அடித்துவிட்டது, வரிசை நின்றுகொண்டிருந்தது. இந்த இதழ் வந்ததும் அவர் மேசையில் ஒன்று வைக்கப்போகிறேன். கம்பில் கட்டின தட்டில் அல்ல, கையில் கொடுப்பேன்.